எண்ணெயும் தண்ணியும் ஒட்டாதே... அப்புறம் எதுக்கு நெடுவாசல் பயந்தது? - விரிவான அலசல்

2025 ஆகஸ்டில் ஒரு செய்தி வெளியானது. ராமநாதபுரம் மாவட்டத்தில் 20 ஆய்வுக் கிணறுகள் தோண்ட ஓஎன்ஜிசி நிறுவனத்துக்கு மாநில சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் அனுமதி கொடுத்திருக்கிறது என்பதுதான் அந்தச் செய்தி. எதிர்ப்பு கிளம்பியதும், ஹைட்ரோகார்பன் திட்டத்தை அனுமதிக்க மாட்டோம் என்று அமைச்சர் தங்கம் தென்னரசு அறிவித்தார். கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறச் சொல்லி அரசு அறிவுறுத்தியது.

அந்த ரெண்டு மூணு நாளும் டிவி விவாதங்களில் திரும்பத் திரும்ப வந்த ஊர்ப் பெயர் நெடுவாசல். புதுக்கோட்டை மாவட்டம், ஆலங்குடி தாலுகாவில் இருக்கும் கிராமம். (குரு பகவான் கோயில் இருக்கிற ஆலங்குடி திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறது. இது வேற ஆலங்குடி.)

நெடுவாசல் பேச்சு வந்தாலே கூடவே ஒரு கேள்வியும் வரும். "எண்ணெயும் தண்ணியும் ஒட்டவே ஒட்டாதுங்க. கொட்டினாலும் மேல மிதக்கும், வழிச்சு எடுத்துடலாம். அதுக்கு எதுக்கு இவ்வளவு பயம்?" என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனா அதுக்கான பதில் பாதி மட்டும்தான் நமக்குத் தெரியும். மீதிப் பாதியைப் பார்க்கலாம்.

முதலில், நெடுவாசலில் என்ன நடந்தது?

2016-ல் மத்திய அரசு ஹைட்ரோகார்பன் ஆய்வு மற்றும் உரிமக் கொள்கையைக் கொண்டு வந்தது. கச்சா எண்ணெய், இயற்கை எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் வாயு என்று எதை எடுத்தாலும் ஒரே உரிமம் போதும் என்பது இதன் சாராம்சம். ஓஎன்ஜிசி போன்ற நிறுவனங்கள் கண்டுபிடித்துவிட்டு, லாபம் கம்மி என்று விட்டு வைத்திருந்த சின்னச் சின்ன வயல்களும் ஏலத்துக்கு வந்தன.

2017 பிப்ரவரி 15-ல் 31 பகுதிகளுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. காவிரிப் படுகையில் இருக்கும் நெடுவாசல், கர்நாடகத்தைச் சேர்ந்த ஜெம் லேபரட்டரீஸ் நிறுவனத்துக்குப் போனது. மறுநாளே ஊர் மக்கள் பந்தலில் உட்கார்ந்துவிட்டார்கள். ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகாத நேரம் என்பதால் மாநிலம் முழுக்க இருந்து மாணவர்கள் வந்தார்கள்.

மத்திய, மாநில அரசுகள் உறுதி கொடுத்ததும் மார்ச் 9-ல் 22-வது நாளோடு போராட்டம் நின்றது. ஆனால் மார்ச் 27-ல் டெல்லியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஏப்ரல் 12-ல் இரண்டாம் கட்டப் போராட்டம் தொடங்கி 174 நாள் நடந்தது. கடைசி வரை அந்த நிறுவனம் நெடுவாசலில் வேலையைத் தொடங்கவே இல்லை.

அப்படியானால் பயத்துக்கு என்ன காரணம்? கண் முன்னாடி இருந்த பழைய கிணறுகள்தான். நல்லாண்டார்கொல்லை, வாணக்கன்காடு, கோட்டைக்காடு, கருக்காகுறிச்சி பக்கமெல்லாம் ஓஎன்ஜிசி ஏற்கனவே ஆய்வுக் கிணறு போட்டு மூடி வைத்திருந்தது. அங்கே இருந்த கழிவுத் தொட்டிகளைத்தான் போராட்டக்காரர்கள் செய்தியாளர்களைக் கூட்டிப் போய்க் காட்டினார்கள்.

இந்த வட்டாரத்தில் ஆற்றுப் பாசனம் கம்மி. செம்மண் பூமி. பலா, முந்திரி, வாழை, கடலை, பூ என்று எல்லாமே போர் தண்ணியை நம்பித்தான். பல நூறு அடி இறக்கி எடுக்கும் அந்தத் தண்ணீர் கெட்டால், மாற்று கிடையாது.

ஒட்டாதுன்னா, கரையவே கரையாதா?

இங்கேதான் நாம் ஒரு தப்பு செய்கிறோம். எண்ணெய் தண்ணீரில் "ஒட்டாது" என்பது உண்மை. "கொஞ்சம்கூட கரையாது" என்பது உண்மை இல்லை.

தண்ணீர் மூலக்கூறில் ஒரு பக்கம் லேசான நேர்மின் தன்மை, இன்னொரு பக்கம் எதிர்மின் தன்மை. அதனால் ஒன்றை ஒன்று கைகோத்துக்கொண்டே இருக்கும். கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் இருக்கும் ஹைட்ரோகார்பனுக்கு அந்தக் கை கிடையாது. கூட்டத்துக்குள் நுழைய முடியாமல் வெளியே தள்ளப்படுகிறது. எடை குறைவு என்பதால் மேலே மிதக்கிறது.

ஆனால் எல்லா ஹைட்ரோகார்பனையும் தண்ணீர் ஒரே மாதிரி தள்ளுவதில்லை. நேர்ச் சங்கிலியாக இருக்கும் ஹெக்சேன், ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 10 மில்லிகிராம்தான் கரையும். வளைய வடிவில் இருக்கும் டொலுவீன் சுமார் 500 மில்லிகிராம் கரையும். அதே குடும்பத்தைச் சேர்ந்த பென்சீன் சுமார் 1,800 மில்லிகிராம் கரையும். எல்லாமே எண்ணெய் ரகம்தான். ஆனால் பென்சீன் ஹெக்சேனை விட ஏறக்குறைய 180 மடங்கு கூடுதலாகக் கரைகிறது.

ஒரு லிட்டருக்கு 1.8 கிராம்தானே, அது பெரிய விஷயமா என்று தோன்றலாம். குடிநீரில் பென்சீன் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. ரத்தப் புற்றுநோயோடு தொடர்புடையது என்பதால் இவ்வளவு கறார். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சொட்டு பென்சீன் சுமார் 30 மில்லிகிராம் இருக்கும். 3,000 லிட்டர் தண்ணீரை அந்த வரம்பு வரை கொண்டுபோக அந்த ஒரு சொட்டு போதும்.

கச்சா எண்ணெயிலோ பெட்ரோலிலோ பென்சீன் தனியாக இருப்பதில்லை, மற்றவற்றோடு கலந்துதான் இருக்கும். அதனால் அது முழு அளவுக்கும் தண்ணீருக்குள் இறங்காது. இந்தியாவில் இப்போது விற்கும் பிஎஸ்-6 பெட்ரோலில் பென்சீன் அதிகபட்சம் 1 சதவீதம்தான் இருக்கலாம். அந்தப் பெட்ரோல் மிதக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் வரை பென்சீன் இறங்க முடியும். அதுவே வழிகாட்டு அளவைப் போல 2,000 மடங்கு.

மேலே மிதக்கும் படலத்தை வழித்து எடுத்துவிட்டாலும் ஏற்கனவே கரைந்தது கீழேயேதான் இருக்கும். தண்ணீர் பளிச்சென்று தெளிவாகவே தெரியும். 0.01 மில்லிகிராம் என்பது நாக்குக்கோ மூக்குக்கோ சிக்குகிற அளவே கிடையாது.

பிரிக்கிறது அவ்வளவு கஷ்டமா?

கண்ணுக்குத் தெரியும் எண்ணெயைப் பிரிப்பது பெரிய வித்தை இல்லை. நம்ம ஊர் சால்வென்ட் ஆலைகளிலேயே இது தினமும் நடக்கிறது. கடலைப் புண்ணாக்கிலும் தவிட்டிலும் மிச்சமிருக்கும் எண்ணெயை ஹெக்சேன் ஊற்றிக் கரைத்து எடுப்பார்கள். பிறகு நீராவி விட்டு ஹெக்சேனை விரட்டுவார்கள். அந்த ஆவி குளிர்ந்து ஒரு தொட்டியில் விழுந்ததும் ஹெக்சேன் மேலே, தண்ணீர் கீழே என்று தானாகப் பிரிந்து நிற்கும். அந்தக் கீழ்த் தண்ணீரைக்கூட அப்படியே வெளியே விட மாட்டார்கள். மறுபடி சூடாக்கி, கரைந்திருக்கும் ஹெக்சேனையும் விரட்டிய பிறகுதான் விடுவார்கள்.

எண்ணெய்க் கிணற்றிலும் இதே அடிப்படைதான். கிணற்றிலிருந்து எண்ணெய் மட்டும் வருவதில்லை. வாயுவும், பூமிக்கு அடியில் பல லட்சம் ஆண்டுகளாகக் கிடந்த உப்பு நீரும் கூடவே வரும். வயல் பழசாக ஆக, எண்ணெயை விட இந்தத் தண்ணீர்தான் அதிகம் வரும். பெரிய உருளைத் தொட்டியில் விட்டால் வாயு மேலே, எண்ணெய் நடுவில், தண்ணீர் அடியில் என்று மூன்றாகப் பிரியும்.

சிக்கல் வருவது நுண்ணிய துளிகளில். பம்பு, வால்வு, குழாய் எல்லாவற்றிலும் அடிபட்டு வரும்போது எண்ணெய் பொடிப்பொடித் துளிகளாக உடைந்து தண்ணீருக்குள் சிதறிவிடும். பால் எப்படிக் கொழுப்பும் தண்ணீருமாகக் கலந்து நிற்கிறதோ அது மாதிரி. இதைத்தான் பால்மம் என்று பள்ளிப் பாடத்தில் படித்தோம்.

துளியின் விட்டம் பாதியானால் அது மேலே ஏறும் வேகம் கால்வாசியாகிவிடும். 0.15 மில்லிமீட்டர் துளி ஒரு மீட்டர் உயரம் ஏற சுமார் 7 நிமிடம் ஆகும். 0.01 மில்லிமீட்டர் துளிக்கு ஒரு நாளுக்கு மேல் ஆகும். அதிலும் பத்தில் ஒரு பங்கு என்றால் மூன்று மாதத்துக்கு மேல். அதற்குள் ஒரு சின்ன அசைவு வந்தாலே திரும்பக் கலந்துவிடும். அதனால்தான் சூடாக்குவது, பால்மத்தை உடைக்கும் ரசாயனம் ஊற்றுவது, காற்றுக் குமிழி விட்டு மேலே தூக்குவது என்று ஒன்றன் பின் ஒன்றாகச் செய்கிறார்கள்.

இதுக்கு எதிர்ப்பக்க உதாரணமும் நம்மிடம் உண்டு. நெடுவாசல் போராட்டத்துக்கு மூன்று வாரம் முன்பு, 2017 ஜனவரி 28-ல், எண்ணூர் காமராஜர் துறைமுகம் அருகே ரெண்டு கப்பல்கள் மோதி எரிஎண்ணெய் கொட்டியது. கரையில் வாளி வாளியாக அள்ளினார்களே, ஞாபகம் இருக்கா? கெட்டியான எண்ணெய்க்குள் கடல் நீர் துளித்துளியாகப் புகுந்து குழம்பு மாதிரி ஆகிவிட்டது. பம்பு வைத்து உறிஞ்சவே கஷ்டப்பட்டது அதனால்தான்.

மூன்று வகை, மூன்று வேலை

சுருக்கமாகச் சொன்னால், எண்ணெய் பட்ட தண்ணீரில் மூன்று விதமாக ஹைட்ரோகார்பன் இருக்கும். மிதப்பது, சிதறிக் கிடப்பது, கரைந்தது.

மிதப்பதை வழித்து எடுக்கலாம். சிதறியதை ரசாயனமும் குமிழியும் பிரிக்கும். கரைந்ததை எடுக்க வேறு வழி வேண்டும். காற்றை ஊதி ஆவியாக்கி விரட்டணும், இல்லைன்னா ஆக்டிவேட்டட் கார்பனில் பிடிக்கணும், இல்லைன்னா நுண்ணுயிர்களைத் தின்ன விடணும்.

சுத்திகரிப்பு நிலையம் அமைத்திருக்கிறோம் என்று ஒரு நிறுவனம் சொன்னால் இந்த மூன்றில் எது வரைக்கும் என்று கேட்பது அவசியம். இந்தியாவில் தொழிற்சாலைக் கழிவு நீரை நீர்நிலைகளில் விடுவதற்கான பொது வரம்பு, எண்ணெய் மற்றும் கிரீஸ் லிட்டருக்கு 10 மில்லிகிராம். அது வெளியேற்றத்துக்கான வரம்பு, குடிநீருக்கானது இல்லை. குடிநீரில் கனிம எண்ணெய் 0.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது ஐஎஸ் 10500 தரம். 20 மடங்கு வித்தியாசம். கழிவு நீர் விதியை மீறாமலே ஒரு கிணறு குடிக்க லாயக்கில்லாமல் போக முடியும்.

இன்னொன்று உப்பு. எண்ணெயோடு வரும் தண்ணீரின் உப்பை எந்த எண்ணெய் பிரிப்பான் தொட்டியும் எடுக்காது. கடலைக் கொல்லைக்கும் வாழைக்கும் பென்சீனை விட உடனடி எதிரி இந்த உப்புதான். அதனால்தான் அந்தத் தண்ணீரை மறுபடி ஆழத்துக்கே செலுத்துவார்கள். அப்படிச் செலுத்தும் வழியில் கசிவு இருக்கக் கூடாது.

நிலத்துக்கு அடியில் எப்படி இறங்குகிறது?

எண்ணெய் இருக்கும் அடுக்கு ஒரு கிலோமீட்டருக்கும் கீழே. நம்ம போர்வெல் அதிகபட்சம் சில நூறு மீட்டர். நடுவில் பாறை அடுக்குகள் இருக்கின்றன. அதனால் ஆழத்தில் இருக்கும் எண்ணெய் பாறையைத் துளைத்துக்கொண்டு மேலே வரும் என்று சொல்வது சரியில்லை.

ஆபத்து அந்தக் கிணறுதான். குடிநீர் அடுக்கைத் துளைத்துக்கொண்டுதான் எண்ணெய்க் கிணறு கீழே போகணும். இரும்பு கேசிங் பைப்பும் அதைச் சுற்றிப் போடும் சிமென்ட்டும்தான் ரெண்டையும் பிரித்து வைக்கின்றன. அந்த சிமென்ட் விரிசல் விட்டாலோ, பைப் துருப்பிடித்தாலோ வழி திறந்துவிடும். அடுத்த ரெண்டு வழிகள் தரை மேலேயே இருக்கின்றன. ஒன்று அடித்தாள் கிழிந்த கழிவுத் தொட்டி, இன்னொன்று குழாய்க் கசிவு.

குழாய்க் கசிவு கற்பனை இல்லை. 2017 ஜூன் 30-ல் தஞ்சாவூர் மாவட்டம் கதிராமங்கலத்தில் ஓஎன்ஜிசி குழாயில் கசிவு ஏற்பட்டு வயலில் எண்ணெய் பரவியது. அதற்கு முன்பு, 2013-ல் சென்னை தண்டையார்பேட்டையில் வீட்டு போரில் தண்ணீரோடு எண்ணெய் வந்தது. பூமிக்கு அடியில் போன பாரத் பெட்ரோலியம் குழாயில் கசிவு. விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது.

கசிந்த எண்ணெய் எத்தனை காலம் இருக்கும்? அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பெமிட்ஜி என்ற ஊருக்குப் பக்கத்தில் 1979 ஆகஸ்டில் ஒரு கச்சா எண்ணெய்க் குழாய் உடைந்தது. சுமார் 17 லட்சம் லிட்டர் கொட்டியது. பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். மீதி சுமார் 4 லட்சம் லிட்டர் மண்ணுக்குள் நின்றுவிட்டது. அந்நாட்டுப் புவியியல் ஆய்வு நிறுவனம் 1983 முதல் அந்த இடத்தைக் கவனித்து வருகிறது.

அங்கே ரெண்டு விஷயம் தெரிந்தது. நல்ல செய்தி, மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் கரைந்த பென்சீனைத் தின்பதால் அது பல கிலோமீட்டர் பரவவில்லை, சில நூறு மீட்டருக்குள் நின்றது. கெட்ட செய்தி, பல பத்தாண்டுகள் கழித்தும் எண்ணெய் நிலத்தடி நீர்மட்டத்தில் மிதந்துகொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து இறங்கிக்கொண்டே இருக்கிறது. அதாவது கசிவுக்குப் பக்கத்தில் இருக்கும் போர்களுக்குத்தான் முதல் ஆபத்து. அந்த ஆபத்து சீக்கிரம் தீராது.

இப்போது சட்டம் என்ன சொல்கிறது?

2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றியது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களோடு கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களும் இதில் வருகின்றன. புதுக்கோட்டையில் அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி. நெடுவாசல் திருவரங்குளம் ஒன்றியத்தில் இருக்கிறது. புதிதாக எண்ணெய், எரிவாயு ஆய்வு செய்யவோ, கிணறு தோண்டவோ, எடுக்கவோ இங்கே அனுமதி இல்லை.

சட்டம் வந்த பிறகும், 2021 ஜூனில் மத்திய அரசின் ஏல அறிவிப்பில் கருக்காகுறிச்சி பக்கத்து வடதெரு பகுதி இடம்பெற்றது. அப்போதுதான் பதவியேற்றிருந்த முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அதைக் கைவிடச் சொல்லிப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

ஆனால் சட்டத்தில் ரெண்டு இடைவெளி இருக்கிறது. ஒன்று, சட்டம் வருவதற்கு முன்பே நடந்துவந்த பணிகளை அது கட்டுப்படுத்தாது. ரெண்டு, மண்டலத்துக்கு வெளியே இருக்கும் மாவட்டங்களுக்கு அது பொருந்தாது. ராமநாதபுரம் பிரச்சனை வந்தது இந்த ரெண்டாவது இடைவெளியில்தான். போதாக்குறைக்கு, 2020 ஜனவரியில் மத்திய அரசு விதியைத் திருத்தி, ஆய்வுக் கிணறு கட்டத்துக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவையில்லை என்று ஆக்கிவிட்டது.

ஊர்க்காரர்கள் என்ன கேட்கணும்?

பழைய கிணறு இருக்கும் கிராமங்களில் "தண்ணி டெஸ்ட் பண்ணியாச்சு, நல்லா இருக்கு" என்ற ஒரு வரி பதில் போதாது. எதை டெஸ்ட் செய்தார்கள் என்று பார்க்கணும். சாதாரணக் குடிநீர்ப் பரிசோதனையில் உப்பு, கடினத்தன்மை, நைட்ரேட், ஃபுளோரைடு போன்றவைதான் வரும். பென்சீன் அந்தப் பட்டியலில் இருக்காது. அதற்கு கேஸ் குரோமட்டோகிராஃப் கருவி உள்ள ஆய்வகம் வேண்டும்.

கேட்க வேண்டியவை இவைதான்: பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன் நான்கும், மொத்த பெட்ரோலிய ஹைட்ரோகார்பன், குளோரைடும் டிடிஎஸ்ஸும், துளையிடும் சேற்றில் பேரைட் சேர்ப்பார்கள் என்பதால் பேரியம்.

மாதிரி எடுக்கும் விதமும் முக்கியம். பென்சீன் சீக்கிரம் ஆவியாகிவிடும். பிளாஸ்டிக் கேனில் முக்கால்வாசி பிடித்து வெயிலில் எடுத்துப்போனால் ஆய்வகத்தில் கம்மியாகத்தான் காட்டும். கண்ணாடிக் குப்பியில் காற்று இடமே இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி, ஐஸில் வைத்துக் கொண்டுபோகணும்.

காய்ச்சிக் குடித்தால் போதாதா? போதாது. காய்ச்சும்போது பென்சீன் ஆவியாகிச் சமையலறைக் காற்றில்தான் கலக்கும், அதைத்தான் சுவாசிப்போம். உப்பு இன்னும் கூடும். ஆர்.ஓ. உப்பை எடுக்கும், ஆனால் பென்சீனுக்கு அதை மட்டும் நம்ப முடியாது. ஆக்டிவேட்டட் கார்பன் பிடிக்கும், அதுவும் குறித்த காலத்தில் மாற்றினால்தான்.

இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. மூடிய கிணறுகளின் சிமென்ட்டும் கேசிங் பைப்பும் எந்த நிலையில் இருக்கின்றன, அவற்றை யார், எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கிறார்கள்? புதுக் கிணறு வேண்டாம் என்பதை ஆலங்குடி வட்டாரம் போராடிச் சட்டமாகவே வாங்கிவிட்டது. ஏற்கனவே பூமிக்குள் நிற்கும் பழைய கிணறுகளுக்கும் ஆண்டுதோறும் சோதனை, அதன் முடிவு கிராமசபையில் வாசிக்கப்படணும் என்று கேட்பது அடுத்த கட்டம். எண்ணெய் மிதந்தால் ஊரே பார்க்கும். கரைந்ததைப் பார்க்க இந்தச் சோதனையை விட்டால் வேறு வழி இல்லை.